தளவாடம் என்ற சொல்லும் 1915இல் தீர்ந்துபோன குண்டுகளும்

"இத்தனை கோடி ரூபாய்க்கு ராணுவத் தளவாடங்கள்" என்று செய்தி வந்தால் பக்கத்தில் ஒரு டாங்கி படமோ போர் விமானத்தின் படமோ போட்டிருப்பார்கள். எனக்கு அந்தப் படத்தின் மேல் ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. டாங்கியும் தளவாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லின் கனமெல்லாம் படத்தில் வராத பொருட்களில் இருக்கிறது. சுட்டால் தீர்ந்துபோகிற குண்டு, அதற்குள் அடைக்கும் வெடிமருந்து, குண்டை வெடிக்கவைக்க அதன் மூக்கில் திருகும் ஃபியூஸ், தோட்டாவின் பித்தளை உறை, அடுக்கி வைக்கும் மரப்பெட்டி, பெட்டியை ஏற்றிக்கொண்டு போகும் சரக்கு ரயில். பீரங்கி அடுப்பு என்றால் இவையெல்லாம் விறகு. அடுப்பை ஒருதடவை வாங்கினால் பல வருடம் ஓடும், விறகை மட்டும் தினம் யாராவது வெட்டிக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த "யாராவது" யார் என்பதைப் பற்றித்தான் இதில் எழுத நினைக்கிறேன்.

சொல்லை முதலில் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் இதற்கு 'மியூனிஷன்ஸ்' என்று பெயர். சுவர் எழுப்பி அரண் செய்வதைக் குறிக்கும் ஒரு லத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'அம்யூனிஷன்' என்று நாம் கேள்விப்படுவதும் இதே சொல்தான், பிரெஞ்சில் முன்னால் வரும் 'லா'வைத் தவறாகப் பிரித்ததில் உண்டானது. முன்பெல்லாம் இந்தச் சொற்கள் குண்டை மட்டும் குறிக்கவில்லை. பிரெஞ்சுப் படையில் சிப்பாய்க்கு அளந்து கொடுக்கும் ரொட்டிக்கு 'மியூனிஷன் ரொட்டி' என்று பெயர். பிரிட்டிஷ் சிப்பாயின் ஆணி அடித்த பூட்ஸை இருபதாம் நூற்றாண்டில்கூட 'அம்யூனிஷன் பூட்ஸ்' என்றுதான் சொன்னார்கள். அதாவது படைக்குக் கிடங்கிலிருந்து போய்ச்சேர வேண்டியது எல்லாமே அதற்குள் அடக்கம். நம்முடைய தளவாடமும் அந்த மாதிரி அகலமான சொல்தான் (இலங்கையில் இதன் உறவுக்காரச் சொல்லான தளபாடம் வீட்டு மேசை நாற்காலியைக் குறிக்கிறது). அப்புறம் எப்படி அது குண்டையும் வெடிமருந்தையும் நோக்கிக் குறுகியது, எப்படி ஒரு நாட்டு மந்திரிசபையையே மாற்றும் அளவுக்கு அந்தச் சொல் பெரிதானது என்று கேட்டால், 1915இல் பிரிட்டனுக்குப் போக வேண்டும்.

முதல் உலகப் போர் 1914 ஆகஸ்டில் தொடங்கியபோது பிரிட்டிஷ் ராணுவம் எதிர்பார்த்தது திறந்தவெளியில் நகர்ந்துகொண்டே நடக்கும் சண்டையை. அவர்களுடைய முக்கியமான பீரங்கி 18 பவுண்டர். அதற்கு வைத்திருந்த குண்டுகளில் பெரும்பாலானவை ஷ்ராப்னல் வகை, அதாவது ஆகாயத்தில் வெடித்து உள்ளே இருக்கும் ஈய உருண்டைகளை வெட்டவெளியில் நிற்கும் ஆட்கள் மேல் இறைப்பது. சில மாதங்களிலேயே இரண்டு பக்கமும் பதுங்குகுழி வெட்டி உள்ளே இறங்கிவிட்டார்கள். மண்ணுக்கடியில் உட்கார்ந்திருப்பவனை ஈய உருண்டை ஒன்றும் செய்யாது. குழியை உடைக்க, முள்வேலியை அறுக்க, தரையில் விழுந்து வெடிக்கும் சக்திவாய்ந்த குண்டு வேண்டும். அது போதுமான அளவு இல்லை, செய்யத் தெரிந்த ஆலைகளும் குறைவு. வுல்விச் அரசு ஆயுதசாலையும் ஒரு சில தனியார் நிறுவனங்களும்தான். (கால்பந்து பார்ப்பவர்களுக்கு ஆர்சனல் அணியைத் தெரியும். 1886இல் அதைத் தொடங்கியவர்கள் இந்த வுல்விச் ஆயுதசாலைத் தொழிலாளர்கள். அந்தப் பெயரும் சட்டையில் இருக்கும் பீரங்கிச் சின்னமும் அங்கிருந்து வந்தவை.)

ராணுவ அமைச்சகம் ஆர்டர் கொடுக்காமல் இல்லை. நிறையவே கொடுத்தது, அமெரிக்காவரைக்கும் கொடுத்தது. ஆனால் ஆர்டர் புத்தகத்தில் இருக்கும் குண்டைப் பீரங்கிக்குள் போட முடியாதே. அதோடு, லேத் பிடிக்கத் தெரிந்த நல்ல கடைசல்காரர்கள் ஆயிரக்கணக்கில் தேசப்பற்றோடு போய் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார்கள், யாரும் அவர்களைத் தடுத்து "நீ இங்கேயே இருப்பதுதான் போருக்கு உதவி" என்று சொல்லவில்லை. குண்டு செய்யத் தெரிந்தவன் பதுங்குகுழியில் குண்டு வராதா என்று காத்துக்கொண்டிருந்தான்.

1915 மார்ச் 10ஆம் தேதி பிரான்சில் நவ் ஷப்பேல் என்ற ஊரில் 35 நிமிடம் பீரங்கித் தாக்குதல் நடத்தி, முதல் நாளிலேயே ஊரைப் பிடித்தார்கள். அதற்குமேல் தொடரக் குண்டு இல்லை. மே 9ஆம் தேதி ஓபேர் மேட்டில் மறுபடி முயன்றபோது, முன்தாக்குதல் 40 நிமிடம்தான். குண்டுகளில் பெரும்பாலானவை சின்னவை, ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கி நிலைகள் அப்படியே இருந்தன. ஒரே நாளில் 11,000 பேருக்கு மேல் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். மே 14ஆம் தேதி லண்டன் டைம்ஸ் பத்திரிகை, தாக்குதல் தோற்றதற்குக் காரணம் போதுமான குண்டு இல்லாததுதான் என்று அதன் ராணுவ நிருபர் ரெப்பிங்டன் எழுதியதை வெளியிட்டது. அவருக்கு விவரம் கொடுத்தவர் அங்கிருந்த பிரிட்டிஷ் படையின் தளபதி ஜான் ஃபிரெஞ்ச் தான். தன் திட்டத்தில் இருந்த குறைகளை மறைக்க அவருக்கும் இது வசதியாக இருந்தது என்று நான் நினைக்கிறேன், எத்தனை குண்டு இருந்திருந்தாலும் அந்தத் தாக்குதல் திட்டம் சரியாகிவிட்டிருக்காது. ஆனால் குண்டு இல்லை என்பது பொய்யும் இல்லை. அந்தப் பரபரப்பில் போர் அமைச்சர் கிச்சனர் மேல் டெய்லி மெயில் பாய்ந்தது, கோபம் வந்தவர்கள் லண்டன் பங்குச் சந்தையில் அந்தப் பத்திரிகையைக் கொளுத்தினார்கள். மே மாதக் கடைசியில் லிபரல் ஆட்சி போய்க் கூட்டணி ஆட்சி வந்தது. ஜூனில் 'மியூனிஷன்ஸ்' என்ற சொல்லையே பெயராகக் கொண்டு ஒரு புது அமைச்சகம், அதற்கு லாய்ட் ஜார்ஜ் அமைச்சர். ஒன்றரை வருடத்தில் அவரே பிரதமராகவும் ஆனார்.

புது அமைச்சகம் ஜூலையில் கொண்டுவந்த சட்டம் கடுமையானது. தளவாட வேலையில் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். ஒரு தொழிலாளி முதலாளியிடம் சான்றிதழ் வாங்காமல் வேறு ஆலைக்குப் போக முடியாது, போனால் ஆறு வாரம் யாரும் வேலை தரக்கூடாது. சாராயத்திலும் கை வைத்தார்கள். கார்லைல் ஊர்ப் பக்கம் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள் என்று 1916இல் அரசே அங்கே இருந்த மதுக்கடைகளையும் மது ஆலைகளையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. போருக்காகச் செய்தது, போர் முடிந்தும் 1970களின் தொடக்கம்வரை அரசுக் கடைகளாகவே ஓடியது. டாஸ்மாக் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அங்கே நோக்கம் விற்பனையைக் குறைப்பது.

கார்லைலில் ஏன் இத்தனை கூட்டம் என்றால், பக்கத்திலேயே ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னா ஆலை. இதைப் பற்றி நான் படித்தபோதெல்லாம் அளவை மனதில் வாங்கிக்கொள்ளவே நேரம் பிடித்தது. கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தொழிற்சாலை, ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்காமலிருக்க இடம் விட்டுவிட்டுக் கட்டியது. தனி ரயில்பாதை, தனி மின்நிலையம், தொழிலாளர்களுக்காகப் புதிதாக இரண்டு ஊர்கள், தியேட்டர், மருத்துவமனை, பெண் போலீஸ். வேலைக்கு வந்தவர்களில் சுமார் 12,000 பேர் பெண்கள், வீட்டு வேலை செய்தவர்கள், கடைகளில் நின்றவர்கள், மீன்பிடி ஊர்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் செய்தது கார்டைட்.

கார்டைட் என்னவென்று சொன்னால்தான் தளவாடம் என்ற சொல் விரிந்துகொண்டே போவது புரியும். ஒரு பீரங்கிக் குண்டில் இரண்டு விதமான மருந்து வேண்டும். ஒன்று குண்டைக் குழாயிலிருந்து வெளியே தள்ளுவது, இது சீராக எரிய வேண்டும், படாரென்று வெடித்தால் பீரங்கியே சிதறிவிடும். இன்னொன்று போய் விழுந்த இடத்தில் வெடிப்பது. முதல் வேலைக்குத்தான் கார்டைட். நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்த்து அதில் பஞ்சை ஊறவைத்தால் வெடிபஞ்சு. கிளிசரினை அதேபோலச் செய்தால் நைட்ரோகிளிசரின். இரண்டையும் வாஸ்லின் கொஞ்சம் சேர்த்துக் குழைத்து, நூல்நூலாகப் பிழிந்து எடுத்தது கார்டைட். 1889இல் ஏபெல், டூவர் என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தது. கிரெட்னாவில் அந்த வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் பெண்கள் தொட்டியில் கைவிட்டுப் பிசைந்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் 1916இல் போய்ப் பார்த்துவிட்டு, அதைச் சாத்தானின் கஞ்சி என்று எழுதினார். உச்சத்தில் வாரத்துக்குச் சுமார் 800 டன் அங்கிருந்து போனது.

வழக்கமான கார்டைட்டைக் குழைக்க அசிட்டோன் வேண்டும். அசிட்டோன் அப்போது மரத்தைச் சுட்டு வடித்தெடுப்பது, பிரிட்டனில் அத்தனை மரம் இல்லை, வெளியிலிருந்துதான் வாங்கினார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஹைம் வைஸ்மன், ஒரு பாக்டீரியாவை வைத்து மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். லண்டனில் ஜின் காய்ச்சும் ஆலையில் அதைச் சோதித்தார்கள். 1917இல் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்து மக்காச்சோளத்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, நாடெங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டு ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தின் கொட்டைகளைப் பொறுக்கச் சொன்னார்கள். நாம் தின்ன முடியாத கொட்டை, அங்கே பிள்ளைகள் கயிற்றில் கோத்து விளையாடுவது. எதற்கு என்று சொல்லவில்லை, போருக்கு உதவி என்று மட்டும் சொன்னார்கள். மூட்டை மூட்டையாகக் குவிந்தது, ரயில் நிலையங்களில் கிடந்து அழுகியதும் உண்டு. அசிட்டோன் பெரிதாகக் கிடைக்கவில்லை. பிற்பாடு இஸ்ரேலின் முதல் ஜனாதிபதியான வைஸ்மன் இவர்தான். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தாயகம் அமைய ஆதரவு என்று 1917இல் பிரிட்டன் அறிவித்த பால்ஃபர் பிரகடனம் அசிட்டோனுக்குக் கைம்மாறாகத்தான் வந்தது என்று லாய்ட் ஜார்ஜ் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார், வரலாற்றாசிரியர்கள் அதை ஒப்புக்கொள்வதில்லை, காரணங்கள் அதைவிடச் சிக்கலானவை. ஆனால் விளையாடப் பொறுக்கும் கொட்டைகூடத் தளவாடப் பட்டியலில் சேர்ந்த காலம் அது.

இரண்டாவது மருந்து, விழுந்து வெடிப்பது, டிஎன்டி. இதன் கதைதான் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்வது. டிஎன்டி 1863இல் ஜெர்மனியில் முதலில் சாயமாகத்தான் பிறந்தது, மஞ்சள் சாயம். அதற்கு முன் பயன்பட்ட பிக்ரிக் அமிலமும் துணிக்குப் போடும் மஞ்சள் சாயம்தான். சாயத் தொழிலில் ஜெர்மனி முன்னால் இருந்ததால் வெடிமருந்திலும் முன்னால் இருந்தது, பிரிட்டன் பின்னால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. டிஎன்டி போதாமல் அதோடு அமோனியம் நைட்ரேட் கலந்து இழுத்துக்கொண்டார்கள். குண்டுக்கூட்டுக்குள் இந்தத் தூளை அடைக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கு. சில வாரங்களில் அவர்களுடைய கை, முகம், கழுத்து எல்லாம் மஞ்சளாகிவிடும், தலைமுடி செம்பட்டையாகிவிடும். ஊரில் அவர்களைக் 'கேனரிப் பெண்கள்' என்று மஞ்சள் குருவியின் பெயரால் அழைத்தார்கள். பிறந்த குழந்தையும் மஞ்சளாக இருந்தது என்று பின்னாளில் சொன்ன தாய்மார்கள் உண்டு. பெயர் என்னவோ செல்லப் பெயர் மாதிரி இருக்கிறது. உள்ளே நடந்தது கல்லீரல் கெடுவது. நச்சு மஞ்சள்காமாலை என்று மருத்துவர்கள் பதிவுசெய்ய ஆரம்பித்த பிறகு கணக்கில் வந்தவர்கள் மட்டும் சில நூறு பேர், அதில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பது, காற்றோட்டம், கை படாமல் இயந்திரத்தில் அடைப்பது என்று கொண்டுவந்த பிறகு சாவு குறைந்தது. அதாவது குறைக்க வழி இருந்திருக்கிறது, முதலில் செய்யவில்லை. அவசரத்தில் விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்த அவசரத்தை வேறு யாராவது தாங்கிக்கொள்ள முடிந்ததால்தானே விட முடிந்தது? சம்பளமும் ஆணுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

லீட்ஸ் பக்கத்தில் பார்ன்போ ஆலை. தொழிலாளர்கள் டிஎன்டி விஷத்துக்குத் தாக்குப்பிடிக்கப் பால் குடிக்க வேண்டும் என்று ஆலையே 120 மாடுகள் வைத்துப் பண்ணை நடத்தியது. உள்ளே போகும்போது தலை ஊசி, மோதிரம், பொத்தான், தீப்பெட்டி எதுவும் கூடாது, சோதித்துத்தான் விடுவார்கள். ரப்பர் அடி வைத்த செருப்பு. சிவகாசிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த விதிகளை விளக்க வேண்டியதில்லை, ஒரு பொறி போதும் என்பது அவர்களுக்குத் தெரியும். 1916 டிசம்பர் 5ஆம் தேதி இரவு ஷிப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், மருந்து அடைத்த குண்டுகளுக்கு ஃபியூஸ் திருகும் 42ஆம் எண் அறையில் ஒரு குண்டு வெடித்தது. 35 பெண்கள் இறந்தார்கள். சிலரைக் கழுத்தில் கட்டியிருந்த அடையாள வில்லையை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. சில மணி நேரத்தில் உடல்களை எடுத்துவிட்டு, அதே அறையில் வேலை செய்ய வேறு பெண்கள் தாங்களே முன்வந்தார்கள். தணிக்கை காரணமாகப் பத்திரிகைகளில் ஒரு வரி இல்லை. இறந்தவர்களின் வீட்டார் போட்ட மரண அறிவிப்பில்கூட "விபத்தில்" என்பதற்கு மேல் எழுத முடியவில்லை. போர் முடிந்து சில வருடங்கள் கழித்துத்தான் பொதுமக்களுக்குச் செய்தி.

இது ஒன்றுதான் என்றில்லை. 1916 ஏப்ரல் 2இல் ஃபேவர்ஷாமில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களும் பையன்களும் வெடிவிபத்தில் இறந்தார்கள், அன்று ஞாயிறு, பெண்களுக்கு வேலை இல்லை. 1917 ஜனவரி 19இல் கிழக்கு லண்டனில் சில்வர்டவுனில் 50 டன் டிஎன்டி வெடித்து 73 பேர், ஆயிரக்கணக்கான வீடுகள் சேதம். அது ஆபத்தான வேலை, ஜன நெருக்கமான இடத்தில் வேண்டாம் என்று அந்த நிறுவனமே முதலில் தயங்கியது, அரசு கேட்கவில்லை. 1918 ஜூலை 1இல் நாட்டிங்ஹாம் பக்கத்தில் சில்வெலில் 134 பேர், அவர்களில் 32 பேரைத்தான் யாரென்று அடையாளம் காண முடிந்தது. அந்த ஒரு ஆலை மட்டும் போர் முடிவதற்குள் 1.9 கோடிக் குண்டுகளுக்கு மேல் மருந்து அடைத்து அனுப்பியிருந்தது. போர்க்களத்தில் விழுந்தவர்களின் பெயர் ஊருக்கு ஊர் கல்லில் இருக்கிறது. இவர்களும் போரில்தான் செத்தார்கள் என்று ஒப்புக்கொள்ள பிரிட்டன் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது, எனக்கு இதில் வருத்தம் மட்டுமில்லை, கோபமும் உண்டு.

அந்தப் பெண்கள் இருமிக்கொண்டே உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதிய இடைவேளையில் ஆலை வாசலில் பந்து உதைத்தார்கள், ஆலைக்கு ஒரு அணி உண்டானது, காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி திரட்ட ஆடினார்கள். பிரெஸ்டனில் தளவாட ஆலையாக மாறியிருந்த டிக் கெர் நிறுவனத்தின் பெண்கள் அணி, 1920 டிசம்பர் 26இல் லிவர்பூல் குடிசன் பார்க் மைதானத்தில் ஆடியபோது 53,000 பேர் வந்தார்கள், இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் தனி. அடுத்த வருடமே இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன் அணிகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று காரணம் சொன்னார்கள். டிஎன்டி ஏற்றதாக இருந்தது. தடை நீங்க 1971 ஆகிவிட்டது.

சரி, இத்தனை பாடுபட்டுச் செய்த குண்டுகள் என்ன ஆயின? 1916 ஜூன் கடைசியில் பிரான்சின் சோம் நதிக்கரையில் ஒரு வாரம் இடைவிடாமல் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பிரிட்டிஷ் படை சுட்டது. ஒரு வருடம் முன்னால் கற்பனைகூடச் செய்ய முடியாத எண்ணிக்கை. ஆனால் எண்ணிக்கை வந்த அளவுக்குத் தரம் வரவில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெடிக்கவே இல்லை என்பது பொதுவான மதிப்பீடு. ஃபியூஸ் சரியில்லை, அளவு சரியில்லை, பரிசோதனையை அவசரத்தில் தளர்த்தியிருந்தார்கள். வெடித்தவற்றிலும் பெரும்பாலானவை ஷ்ராப்னல். முள்வேலி பல இடங்களில் அப்படியே நின்றது. ஜூலை 1ஆம் தேதி ஒரே நாளில் 57,470 பேர் விழுந்தார்கள், அதில் 19,240 பேர் பிணம். தொட்டவுடனே, மண்ணுக்குள் புதையும் முன்பே வெடித்து வேலியை அறுக்கும் 106ஆம் எண் ஃபியூஸ் போதிய அளவு வந்துசேர 1917 ஆனது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பித்தளைத் துண்டு முன்னாலேயே வந்திருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று யோசிக்காமல் என்னால் அந்த எண்ணைப் படிக்க முடிவதில்லை.

வெடிக்காதவை மண்ணுக்குள் போயின. பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் விவசாயிகள் ஏர் ஓட்டும்போது இன்றைக்கும் குண்டு மேலே வருகிறது, 'இரும்பு அறுவடை' என்று அதற்குப் பெயரே உண்டு. எடுத்து வயல் ஓரத்தில் வைத்துவிட்டுச் சொல்லியனுப்பினால் ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்து அள்ளிப்போகும். சிலவற்றில் விஷவாயு இருக்கும், அதைத் தனியாகப் பிரித்து அழிக்க பூல்கபெல் என்ற ஊரில் ஒரு கூடமே இயங்குகிறது. 2014 மார்ச்சில் ஈப்பர் நகரில் கட்டடவேலை நடந்த இடத்தில் ஒரு பழைய குண்டு வெடித்து இரண்டு தொழிலாளிகள் இறந்தார்கள். செய்த காலத்தில் அதன் வேலை அடுத்த மாதம் யாரையாவது கொல்வது. ஏறக்குறைய நூறு வருடம் தாமதமாக, சம்பந்தமே இல்லாத இருவரைக் கொன்றது.

நம் ஊருக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. ஊட்டி மலை ரயிலில் போனவர்கள் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே அரவங்காடு நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். அங்கே இருக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலையை வெள்ளைக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியதே கார்டைட் செய்வதற்காகத்தான், பெயரிலேயே கார்டைட் இன்னும் இருக்கிறது. காட்டேரி அருவியில் எடுத்த மின்சாரம் அதற்குப் போனது. 1917இல் இந்தியாவுக்கென்றே ஒரு தளவாட வாரியத்தையும் அமைத்தார்கள், இங்கிருந்து தோல், துணி, மரம், தண்டவாளம்வரை போருக்குப் போக வேண்டும் என்பதற்காக. அங்கேயும் சொல்லின் பொருள் குண்டோடு நிற்கவில்லை.

2021 அக்டோபர் 1இல் மத்திய அரசு பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தது. பிரித்த விதத்தைப் பார்த்தால் இந்தச் சொல்லுக்கு அகராதியே வேண்டாம். திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை ஒரு கம்பெனிக்குப் போனது. அதே திருச்சியில் டாங்கிக் குண்டின் கவசம் துளைக்கும் கனமான கம்பியைச் செய்யும் ஆலையும், அரவங்காடும், வடக்கே இருக்கும் மற்ற வெடிமருந்து ஆலைகளும் சேர்ந்து மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் ஆனது. ஆவடி டாங்கி ஆலை வேறு, ஆவடியில் சீருடை தைக்கும் ஆலை வேறு, பாராசூட் வேறு. ஒரே ஊருக்குள் துப்பாக்கி ஒரு கணக்கு, குண்டு இன்னொரு கணக்கு. சுடும் கருவியும் சுட்டால் தீர்வதும் வேறு வேறு என்று 1915இல் பிரிட்டன் கற்றதைத்தான் இந்தப் பிரிவினையும் சொல்கிறது. மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழே வரும் மகாராஷ்டிரப் பண்டாரா ஆலையில் 2025 ஜனவரி 24ஆம் தேதி வெடிவிபத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். இரண்டு நாள் செய்தியில் இருந்தது. ஏவுகணைச் சோதனைக்குக் கிடைக்கிற இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் பழங்கதை என்று யாராவது சொன்னால் நான் உக்ரைனைக் காட்டுவேன். 2022இல் போர் தொடங்கியபோது அமெரிக்கா 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டு மாதத்துக்குச் சுமார் 14,000 செய்துகொண்டிருந்தது. உக்ரைன் மும்முரமான நாட்களில் ஒரு நாளைக்கே பல ஆயிரம் சுட்டது. ஒரு மாத உற்பத்தி சில நாளில் காலி. 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வருடத்தில் பத்து லட்சம் குண்டு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தது, கெடு முடியும்போது பாதியளவுதான் போய்ச்சேர்ந்தது. பணம் இருந்தது, ஆர்டரும் இருந்தது. டிஎன்டி தயாரிப்பை அமெரிக்கா 1986இலேயே நிறுத்திவிட்டு வெளியில் வாங்கிக்கொண்டிருந்தது, கென்டக்கியில் புது ஆலை கட்ட 2024 நவம்பரில்தான் ஒப்பந்தம் போட்டார்கள். உந்துமருந்துக்கு இன்றும் அடிப்படை அதே வெடிபஞ்சு. அதற்கு வேண்டிய, பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டைப் பஞ்சுக்கு ஐரோப்பா பெருமளவு சீனாவை நம்பியிருக்கிறது என்று ஐரோப்பியக் குண்டு ஆலைக்காரர்களே வாய்விட்டுச் சொல்கிறார்கள். மரக்கூழிலிருந்து செய்யலாமா என்று இப்போது முயல்கிறார்கள்.